கறுப்பு பானட்டின் மேல் இருந்த வட்டத் தடங்கள்

ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

இதைப் படிக்கப் போகிறவர் யார் என்று நான் அறியேன். ஆகையால் இருவரையும் வணங்கித் தொடங்குகிறேன். செங்கல்பட்டுக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கார் பணிமனையில், வண்ணப் பிரிவில், இருபத்தாறு ஆண்டுகள் மெருகேற்றும் வேலை செய்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன் நான். பெயர் தே. ஆரோக்கியம். அங்கே இப்போது பயிற்சிப் பொறுப்பில் இருப்பவர் கேட்டுக்கொண்டதன் பேரில் இதை எழுதுகிறேன். புதிய கார்களின் மேல்பூச்சு கல்லைப் போல் இருக்கிறது, அதில் விழுந்த கீறலை எடுப்பதற்குள் புதிய ஆட்கள் திணறிப் போகிறார்கள், உங்கள் அனுபவத்தை நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்டதை மட்டும் எழுதினால் அது பாதி உண்மையாகவே இருக்கும். கீறலை எடுப்பது எப்படி என்பதோடு, கீறல் யாரால் விழுந்தது என்று நான் தவறாகச் சொன்னதையும், அதனால் ஒருவருக்கு வேலை போனதையும், இன்னொருவருக்குப் போக இருந்ததையும் சேர்த்தே எழுத வேண்டியவனாக இருக்கிறேன்.

வேலை கற்ற கதையை நீட்ட மாட்டேன். செய்யூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தேன். என் தகப்பனார் பிறர் வயலில் அண்டை வெட்டியும் கடலை பிடுங்கியும் எங்களை வளர்த்தார். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பதினேழு வயதில் செங்கல்பட்டுக்கு வந்து, ஒரு டிங்கரிங் கொட்டகையில், நசுங்கிய தகட்டின் மேல் பூசிய புட்டிப் பசையைத் தேய்ப்பவனாகச் சேர்ந்தேன். தேய்ப்பதிலேயே ஒன்பது ஆண்டுகள் போயின. பிறகு வண்ணம் அடிப்பவருக்குத் துணையாள். அதன் பின் மெருகேற்றும் இயந்திரம் கைக்கு வந்தது. பணிமனையில் சேர்ந்த சில மாதங்களில் என்னை மேஸ்திரி என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் தவற்றில் அதற்கும் பங்கு உண்டு.

இனிப் பூச்சைப் பற்றி. காரின் நிறம் என்று நாம் பார்ப்பது மேலே இல்லை. நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதைக் கிளியர் என்போம். வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்குவது அதுதான். கீறல் பெரும்பாலும் அதில்தான் விழுகிறது. கீறலை எடுப்பது என்றால் கீறலுக்கு மருந்து பூசி நிரப்புவது அன்று. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியரையும் சமமாகத் தேய்த்து இறக்குவதே. ஆகவே ஒவ்வொரு கீறலையும் எடுக்கும்போது காரின் ஆயுளில் கொஞ்சம் எடுக்கிறோம். இதை மறந்தவன் இயந்திரத்தைத் தொடக் கூடாது.

பழைய கார்களின் கிளியர் மென்மையானது. சவுக்கு விளார் உரசினாலும் கீறும், இயந்திரத்தில் மாட்டும் கம்பளிப் பேடில் காம்பவுண்டு என்னும் வெட்டும் பசையை வைத்து இரண்டு முறை ஓட்டினால் போய்விடும், கடைசியில் ஃபோம் பேடால் ஒரு தடவல் போதும், முகம் பார்க்கலாம். புதிய கிளியர் கடினமானது. எளிதில் கீறாது. கீறிவிட்டால் எளிதில் போகாது. இவ்வளவு வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது இதற்கு அடுத்த வரி. கடினமான பூச்சு தன் மேல் விழுந்த எந்தத் தடத்தையும் எளிதில் விட்டுத் தராது, சவுக்கின் தடமானாலும் சரி, மேஸ்திரியின் தடமானாலும் சரி.

நான் கடைப்பிடித்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வண்டியைக் கழுவ வேண்டும். அதன் பின் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிப் போனால் எடுக்கலாம். நகம் தட்டி நின்றால், முழுவதும் போகாது என்று வாடிக்கையாளரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். அடுத்து, பூச்சின் கனம் அளக்கும் கருவியை ஒரே பலகத்தில் ஐந்தாறு இடங்களில் வைத்து, கிடைத்த எண்ணை அந்தந்த இடத்தில் ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதி ஒட்ட வேண்டும். கதவின் விளிம்பிலும் பானட்டின் முகட்டுக் கோட்டிலும் பூச்சு மெலிந்திருக்கும். அங்கெல்லாம் நாடா ஒட்டி மறைத்துவிட வேண்டும். ஆழமான கீறலாக இருந்தால் மட்டும் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளில் இரண்டாயிரம் எண்ணை ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்பு நீர் விட்டு, ஒரே திசையில் தேய்ப்பேன். பின் மூவாயிரம் எண், முந்தியதற்குக் குறுக்குத் திசையில். அப்போதுதான் முந்தைய தாளின் கோடு அழிந்ததா என்று தெரியும். அதன் மேல் கம்பளிப் பேடும் காம்பவுண்டும், சுழலும் இயந்திரத்தில். கடைசியாக ஃபோம் பேடும் மென்மையான பாலிஷும். இதில் பிழையில்லை. பிழை அதற்கும் பின்னால் இருந்தது.

எங்கள் பணிமனையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கும் முன் பளபளப்பு எண்ணெய் ஒன்றைத் துணியில் நனைத்து, பானட் முதல் டிக்கி வரை ஒரே மூச்சில் துடைத்து விடுவோம். அதற்கு மாப்பிள்ளைத் துடைப்பு என்று பெயர். சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கி வண்டி வெளியே போகும்போது அது மணவறைக்குப் போகிற மாப்பிள்ளையைப் போல் மின்ன வேண்டும் என்பது எண்ணம். அந்தத் துடைப்பை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே செய்து வந்தேன். துடைத்த பின் குழல் விளக்கின் கீழ் ஒரு பார்வை பார்ப்பேன். வெயிலில் நிறுத்திப் பார்த்ததில்லை.

இனி எங்கள் மேலாளர். குணசேகரன் சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மெலிந்த உடல், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வண்டியைச் சோதிக்க வந்தால் முதலில் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். உலோகம் பூச்சில் படக் கூடாது என்பதற்காக. அவர் கடிகாரத்தில் கை வைத்த உடனே கொட்டகையில் பேச்சு நின்றுவிடும். நாம் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருப்போம். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் மறைத்து வைத்தது தானாக வெளியே வரும். அநியாயக்காரர் அல்லர். ஆனால் புகார்த் தாளில் காரணமானவர் என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விட மேலிடம் அவரை அனுமதித்ததில்லை.

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டி விடுதி நடத்தும் ஒருவர் தமது கறுப்பு வண்டியைக் கொண்டு வந்தார். செய்யூரிலிருந்து வரும் வழியில் சவுக்குக் கழி ஏற்றிய டிராக்டர் ஒன்று முந்தியபோது கழிகளின் நுனி பானட்டின் இடப் பக்கத்தையும் கதவையும் உரசிவிட்டது. புதுவகைக் கடினமான கிளியர். நான் இரண்டு நாள் பாடுபட்டுக் கீறலை எடுத்தேன். காம்பவுண்டு வெட்டவே மாட்டேன் என்றது. கம்பளிப் பேடை அழுத்திப் பிடித்து, மீண்டும் மீண்டும் ஓட்டினேன். கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு தவிர எல்லாம் போயிற்று. பானட் முழுவதும் ஒரே மெருகாக இருக்கட்டும் என்று வலப் பக்கத்தையும் ஓட்டினேன். மாப்பிள்ளைத் துடைப்பும் முடித்து அனுப்பினேன். மனிதர் மகிழ்ந்து போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மே மாத நடுப்பகலில் திரும்பி வந்தார். வண்டியை நிழலில் விடாமல் முற்றத்து வெயிலிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"இன்னா சார் இது? கறுப்பு வண்டி குடுத்தேன். செலந்தி வலை பின்னி அனுப்பிகிறீங்க. பீச்சாண்ட நிறுத்தினா வர்றவன் போறவன்லாம், அண்ணாத்த வண்டிய தேங்கா நாரு போட்டு தேச்சியான்னு கேக்கறான். ஒரே பேஜாரா கீது."

குணசேகரன் சார் கடிகாரத்தைக் கழற்றினார். "எப்பலேர்ந்து தெரியுது?"

"போன வாரம் இங்க வாட்டர் வாஷ் பண்ணிகினு போனேன் பாருங்க, அதுலேர்ந்து."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கழுவுனவங்கள கூப்புட்டு கேளுங்க. மணல் துணிய வச்சி தேச்சி உட்டுகிறாங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "ஆரோக்கியம், நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வண்டிக்கு நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். குனிந்து பார்க்கவில்லை. "துணியில மண்ணு இருந்திருக்கும் சார்" என்றேன். நான் மேஸ்திரி. நான் சொன்னால் அது முடிவு.

கழுவும் பிரிவில் அப்போது அஞ்சலை இருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. கடலோரக் கடப்பாக்கத்தில் பிறந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவள். புகார்த் தாளில் பெயர் ஏறினால் அடுத்த நாள் வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிடுவார். விசாரணை கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். சார் அட்டையில் செருகிய புகார்த் தாளை எடுத்து, காரணமானவர் என்ற கட்டத்தில் 'கழுவும் பிரிவு' என்று எழுதி, பெயருக்காகப் பேனாவை நிறுத்தினார்.

"அஞ்சலை, இந்த வண்டிய நீங்கதான் கழுவினீங்களா?"

"ஆமா சார். நான்தான் கழுவினேன். ஆனா இத நான் பண்ணல."

"துணியில மண்ணு இருந்துச்சாம்."

"யாரு சொன்னது? நான் கடப்பாக்கத்துல பொறந்தவ சார். மணலோட பொறந்து மணலோட வளந்துகிறேன். அது இன்னா பண்ணும்னு எனக்கு தெரியாதா? ரெண்டு பக்கெட்டு வச்சி, துணிய ஒவ்வொரு வாட்டியும் அலசிட்டுதான் வண்டியில வெக்கறேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "ண்ணா, நீங்கதான சொன்னீங்க, நேரா துடைக்கணும், சுத்தி துடைக்கக் கூடாதுன்னு. நான் நேராத்தான் துடைக்கிறேன். இங்க வந்து பாருங்க. எல்லாம் வளைஞ்சி வளைஞ்சி போவுது. எங்கை இன்னா ராட்டினமா?"

யாரோ சிரித்தார்கள். விடுதிக்காரருக்கும் வாயோரம் சிரிப்பு வந்தது. நான் வண்டியின் அருகே போய்க் குனிந்தேன்.

மணல் துணியால் விழும் கீறல் எனக்குப் புதிதன்று. அது கை போன திசையில் போகும், ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் இருக்கும், ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடியும். இங்கே அப்படி இல்லை. சூரியனின் ஒளி விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வில் வடிவங்கள், எல்லாம் ஒரே அளவு, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. தலையை நகர்த்தினால் அவையும் நகர்ந்தன. முதல் வரிசை இடமிருந்து வலம், அதன் மேல் மேலிருந்து கீழ். அந்தக் கொட்டகையில் இயந்திரத்தை அந்த வரிசையில் ஓட்டுகிறவன் ஒருவன்தான். மற்றவர்கள் மேலிருந்து கீழாகத் தொடங்குவார்கள். கம்பளிப் பேடு கடினமான கிளியரில் விட்டுச் சென்ற தடத்தை என் ஃபோம் பேடு அழிக்கவில்லை. மாப்பிள்ளைத் துடைப்பின் எண்ணெய் அதை மூடியிருந்தது. மூன்று வாரத்தில் எண்ணெய் கழுவிப் போனது, தடம் வெளியே வந்தது. அவள் செய்த ஒரே குற்றம், வண்டியை நன்றாகக் கழுவியது.

அந்த நேரத்தில் என்னுள் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. நிமிர்ந்து, "மண்ணுதான் சார்" என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. அந்தச் சொல் நாக்கின் நுனி வரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை அன்று. கணக்குப் பாடத்தில் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு ஆசிரியரின் பதிலுக்குக் காத்திருக்கும் பார்வை.

"சார், பேர எழுதாதீங்க. அஞ்சு நிமிசம் குடுங்க" என்றேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒப்படைக்க வேண்டிய கருநீல வண்டி ஒன்று உள்ளே நின்றது. அதுவும் கடினமான கிளியர்தான். காலையில் நான் மெருகேற்றி, துடைப்பும் முடித்து வைத்திருந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு அதை வெயிலுக்குக் கொண்டு வந்தேன். வண்ணம் அடிக்கும் முன் பிசுக்கு எடுக்க வைத்திருக்கும் ஸ்பிரிட்டு பாட்டிலையும் ஒரு புதிய துணியையும் எடுத்து வந்தேன்.

குணசேகரன் சாருக்கு நான் செய்யப் போவது புரிந்துவிட்டது. "வேணாம் ஆரோக்கியம். நாலு மணிக்கு டெலிவரி. அவங்க வீட்டுலேர்ந்து கிளம்பிட்டாங்க."

"அஞ்சல கழுவிக் குடுத்த பொறவுதான் சார் நான் இத பாலிஷ் போட்டேன். அதுக்கப்புறம் அவ இத தொடவே இல்ல. எங்கை மட்டும்தான் பட்டுகீது."

நான் பானட்டின் நடுவே நீளவாக்கில் நாடா ஒட்டினேன். இடப் பாதியை விட்டுவிட்டு, வலப் பாதியில் ஸ்பிரிட்டைத் தெளித்துத் துடைத்தேன். இரண்டாம் முறையும் துணியைத் திருப்பித் துடைத்தேன். நாடாவை உரித்தேன். இடப் பாதி மாப்பிள்ளையாகவே மின்னியது. வலப் பாதியில், அதே சூரியனின் கீழ், அதே வில்கள், அதே வரிசை.

"ஐய்ய, நான் தொடாத வண்டியிலியும் கீது!" என்றாள் அஞ்சலை.

விடுதிக்காரர் என்னைப் பார்த்தார். "அப்ப நீதானாய்யா?"

"ஆமாங்க. நான்தான்."

சார் இரண்டு பானட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளில் எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தார்.

"என்ன எழுதட்டும்?"

"மெருகேற்றும் பிரிவு, ஆரோக்கியம்னு எழுதுங்க."

"அப்புறம்?"

"அப்புறம், ரெண்டு வண்டியும் இங்கயே நிக்கட்டும் சார். நான் சரி பண்ணாம அனுப்ப மாட்டேன்."

கருநீல வண்டிக்காரர் நான்கு மணிக்கு வந்து உரத்த குரலில் பேசிவிட்டு ஆட்டோவில் போனார். அதற்கும் நானே நின்று பதில் சொன்னேன்.

இனிப் பயிற்சிப் பொறுப்பாளர் கேட்ட பகுதிக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து கறுப்பு பானட்டின் கனத்தை அளந்தேன். தொடாத கூரையில் நூற்று இருபது மைக்ரான். பானட்டில் நான் அழுத்தி ஓட்டிய இடப் பக்கத்தில் நூற்று ஐந்து. கிளியரில் கணிசமான பங்கை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தேன். ஆகவே மறுபடியும் வெட்டக் கூடாது. தடத்தை அழிக்க வேண்டும், பூச்சைக் குறைக்கக் கூடாது. இதுதான் கட்டுப்பாடு.

நிர்வாகம் ஓராண்டுக்கு முன்பே ஒரு புது இயந்திரம் வாங்கிக் கொடுத்திருந்தது. அது ஒரே அச்சில் சுழலாது. சுழன்றுகொண்டே அசையும். பெட்டியைத் திறந்த அன்றே நான் அதற்கு ஜூஸ் கடை மிக்சி என்று பெயர் வைத்து அலமாரிக்கு அனுப்பிவிட்டேன். மேஸ்திரி சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள், யாரும் தொடவில்லை. அன்று அதை நானே போய் எடுத்தேன்.

பானட்டில் ஒரு சாண் சதுரத்தை நாடாவால் கட்டினேன். முதல் முயற்சி என் பழைய இயந்திரத்திலேயே, புதிய ஃபோம் பேடோடு. தடம் மெலிந்தது, போகவில்லை. இரண்டாவது முயற்சி புது இயந்திரத்தில், அதனோடு வந்த நுண்ணிழைப் பேடு. வில்கள் மறைந்தன. ஆனால் மூச்சு விட்ட கண்ணாடி போல ஒரு புகை நின்றது. மூன்றாவது முறை ஃபோம் பேடில் அதிகமாகப் பாலிஷ் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனதே தவிர வேலை செய்யவில்லை. நான்காவதில் பாலிஷைப் பட்டாணி அளவில் மூன்று புள்ளி மட்டும் வைத்து, இயந்திரத்தின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், ஒரு விநாடிக்கு இரண்டு விரல்கடை வேகத்தில், குறுக்கும் நெடுக்கும் ஆறு முறை ஓட்டினேன். ஸ்பிரிட்டால் துடைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். அந்தச் சதுரத்தில் சூரியன் ஒரே புள்ளியாக இருந்தது. அதைச் சுற்றி எதுவும் இல்லை.

பிறகு பானட்டைப் பதினாறு சதுரங்களாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு பேடைத் தூரிகையால் சுத்தம் செய்தேன். அடைத்துக்கொண்ட பேடு புதுத் தடம் போடும். தகடு சூடேறினால் பாலிஷ் காய்ந்துவிடும், ஆகையால் காலை பத்து மணிக்கு மேல் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தேன். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் வண்டியை வெயிலுக்குத் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு அஞ்சலை வந்தாள். என் கண் களைத்திருந்தது. அதை விட, என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை. "நீயே பாத்துச் சொல்லும்மா" என்றேன்.

அவள் கூச்சப்படவில்லை. இடுப்பில் கை வைத்து மூன்று பக்கமும் சுற்றி வந்து பார்த்தாள். "இங்க ஒண்ணு கீது ண்ணா. நூலாட்டம். இந்த மூலைய சரியா ஓட்டல நீங்க." மூலையை மீண்டும் ஓட்டினேன். "இப்ப இல்ல. மிக்சி நல்லாத்தான் அரைக்குது" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கெட்டை எடுக்கப் போனாள்.

விடுதிக்காரர் வந்தபோது வண்டியை வெயிலில் நிறுத்தி, அவர் முன்னாலேயே ஸ்பிரிட்டால் துடைத்துக் காட்டினேன். கதவில் உள்ள விரல் நீளக் கோட்டையும் நானே தொட்டுக் காட்டினேன். நகம் தட்டுகிறது, இதை எடுத்தால் நிறம் வெளியே வந்துவிடும், இப்படியே விடுகிறேன் என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "இருந்துட்டு போவுது. சொல்லிட்டுல்ல உட்டீங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டார். கருநீல வண்டியையும் அதே முறையில் சரி செய்து கொடுத்தேன். அந்த வாரமே குணசேகரன் சார் மாப்பிள்ளைத் துடைப்பை நிறுத்தினார். ஸ்பிரிட்டால் துடைத்து வெயிலில் பார்க்காமல் எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது என்று எழுதி ஒட்டினார். எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இத்தோடு முடிந்தது என்று இருந்தேன். நான்கைந்து நாள் கழித்து, துணிகளைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டே அஞ்சலை கேட்டாள்.

"ண்ணா, எனக்கு முந்தி இங்க கழுவிகினு இருந்தாரே, கன்னியப்பன். அவரையும் இதுக்குத்தான அனுப்பினாங்க?"

அவள் துணியை உதற உதற, எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், கடினமான கிளியர் வரத் தொடங்கிய புதிதில், கருஞ்சிவப்பு வண்டி ஒன்று இதே போல் திரும்பி வந்தது. அன்றும் சார் என்னைக் கேட்டார். அன்றும் நான் தள்ளி நின்றபடியே, துணியில மண்ணு இருந்திருக்கும் என்றேன். கன்னியப்பன் எதிர்த்துப் பேசவில்லை. கட்டத்தில் அவர் பெயர் எழுதப்பட்டது. மறுநாள் அவர் வரவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை, அப்புறம் என்றும் கேட்கவில்லை. "பழைய தாளைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆள் வந்தா வேலை தர்றேன். கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்த ஞாயிறு, கோயில் பூசை முடிந்ததும் செய்யூருக்குப் பேருந்து ஏறினேன். கன்னியப்பன் சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். நீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"வா மேஸ்திரி. டியூபா, டயரா?"

"ரெண்டும் இல்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கைதான் வேலையில கீது. காது சும்மாத்தான் கீது."

சொன்னேன். கறுப்பு வண்டி, கருநீல வண்டி, ஸ்பிரிட்டு, வில்கள், எல்லாவற்றையும். அவர் குமிழி வந்த இடத்தில் கட்டை விரலை அழுத்தியபடியே கேட்டார். விரலை எடுக்கவே இல்லை.

"நான் அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல தெரியுமா?" என்றார். "நீ சொன்னதும் நானே நம்பிட்டேன் மேஸ்திரி. இருந்திருக்கும் போலகீதுன்னு. வூட்டுல என் சட்டைய தோய்க்க சொல்லோ கூட துணிய உதறி உதறி பாத்துகினு இருந்தேன். எம் பொண்டாட்டி சிரிப்பா. நாலு ஒர்க் ஷாப்பு ஏறி எறங்கினேன். கீறல் போடற ஆளுன்னு உங்க ஆபீசுக்கு போன் பண்ணி கேட்டுகினு அனுப்பிட்டாங்க. அவங்க மேலயும் எனக்கு கோவம் வரல. நாம பண்ணதுதானன்னு உட்டுட்டேன்."

"சார் வேலை தர்றேன்னு சொல்றாரு. நாளைக்கே வா."

"அதெல்லாம் வாணாம். இங்க எங்கையில தப்புன்னா காத்து எறங்கி எனக்கே தெரியும். எவனும் வந்து சொல்ல வேணாம்." டியூபைத் துடைத்து, ஓட்டையைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டார். "ஒண்ணு பண்ணு. வாயால சொன்னது காத்தோட பூடும். எழுதிக் குடு. அங்க எந்த பேப்பர்ல எம் பேர எழுதி வச்சிகிறாங்களோ, அதுங்கூடவே அதையும் வை."

எழுதினேன். ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். இன்னொன்றைக் குணசேகரன் சாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கோப்பில் வைக்கச் சொன்னார். ஓராண்டுக்குள் அவர் மாற்றலாகிப் போனார், அலுவலக அறையும் மாடிக்கு மாறியது. நான் ஓய்வு பெறும் முன் அனுமதி கேட்டுப் பழைய கோப்புகளைப் பார்த்தேன். என் கடிதம் அதில் இல்லை. மாடிக்கு ஏறியபோது எங்கோ விழுந்திருக்கிறது. கன்னியப்பன் பெயர் எழுதிய புகார்த் தாள் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஆகையால், ஐயா அல்லது அம்மணி அவர்களே, பயிற்சிப் பொறுப்பாளர் நான்கு பக்கம் கேட்டார். அதற்கு மேலாகவே எழுதிவிட்டேன். கீறல் எடுக்கும் முறை பயன்படுமானால் அந்தப் பகுதியைப் படியெடுத்துப் பயிற்சி அறையில் ஒட்டிக்கொள்ளுங்கள். என் கையெழுத்துள்ள இந்த மூலத்தை அங்கே வைக்க வேண்டாம். மாடியில் உள்ள கோப்பில், காரணமானவர் என்ற கட்டத்தில் கன்னியப்பன் என்று எழுதியிருக்கும் அந்தத் தாளின் பின்புறம் இதை வைத்து, இரண்டையும் சேர்த்து நூலால் தைத்து வையுங்கள். அந்தத் தாளை எடுக்கிறவர் கையில் இதுவும் சேர்ந்தே வர வேண்டும். பாதுகாத்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தே. ஆரோக்கியம்